ஊற்றின் பெயர்

டச்சு மொழியில் 'ப்ரோன்ஃபெர்மெல்டிங்' என்று ஒரு சொல். 'ப்ரோன்' என்றால் ஊற்று. 'ஃபெர்மெல்டிங்' என்றால் குறிப்பிடுதல். எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்ல அவர்கள் அன்றாடம் புழங்கும் வார்த்தை. 'ஊற்றைக் குறிப்பிட்டு எடுத்தாளலாம்' என்று வெளியீடுகளில் அச்சிடுவார்கள். நம் 'மேற்கோள்' என்ற சொல்லில் கொள்பவன் தெரிகிறான், கொடுத்தவன் தெரிவதில்லை.

பூந்தமல்லியில் இருப்பவனுக்கு இதை யோசிக்கச் செம்பரம்பாக்கம் ஏரி போதும். சென்னையின் குழாய்களில் அதன் நீர் பெயரில்லாமல்தான் போகிறது. குடிப்பவனுக்கு நஷ்டமில்லை. நீர் கலங்கி வரும் நாளில்தான் எந்த ஏரி என்று கேட்கிறான். எழுத்திலும் மூலத்தைச் சொல்வது வாசகனுக்காகத்தான். சந்தேகம் வந்தால் அவன் போய்ப் பார்க்கலாம். ஆனால் கொடுத்தவனுக்கு நாம் பட்ட கடன்?

ஏரிக்கு அருகிலுள்ள குன்றத்தூர்க்காரர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் செய்தபோது, சுந்தரரின் திருத்தொண்டத்தொகையையும் நம்பியாண்டார் நம்பி அதை வகைப்படுத்தியதையும் நூலுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். நேர்மையான காரியம், சுலபமானதும்கூட. வணங்கத்தக்கவர்களின் பெயரைச் சொன்னால் சொல்பவனுக்கும் கௌரவம்.

கஷ்டமான இடம் வேறு. பழவேற்காட்டில் 1632 முதல் 1642 வரை டச்சுப் பாதிரியாக இருந்தவர் ஆப்ரஹாம் ரோஜேரியஸ். அவர் நூல் அவர் இறந்தபின் 1651இல் வெளிவந்தது. நம்மவர் சமயத்தை அஞ்ஞானம் என்று தலைப்பிலேயே சொல்லும் நூல். ஆனாலும் தமக்கு விஷயம் சொன்ன பிராமணர் பத்மநாபனின் பெயரை அவர் மறைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய இன்னொரு டச்சுப் பாதிரி பால்டேயுஸ். 1672இல் வந்த அவரது பெருநூலில் நம் தெய்வங்களைப் பற்றிய பகுதியில் கணிசமானது ஜேசுசபைப் பாதிரி ஃபெனிசியோவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது. பெயர் சொல்லவில்லை. ஷார்பென்டியர் 1933இல் அப்பிரதியைப் பதிப்பித்துக் கடனை நிறுவினார்.

ஒருவரால் அஞ்ஞானியின் பெயரைச் சொல்ல முடிந்தது. மற்றவரால் சக கிறிஸ்தவனின் பெயரைச் சொல்ல முடியவில்லை. எதிர்ச்சபைக்காரனிடம் கற்றேன் என்பது அவ்வளவு கசப்பு போலும்.

நம் விமர்சனக் கட்டுரைகளில் காஃப்காவும் சார்த்தரும் தாராளமாக வருகிறார்கள். அவர்களை நமக்கு முதலில் விளக்கிய, ஆவடி ரயிலில் கூட வந்த நண்பன் வருவதில்லை. சண்டை போட்டுப் பிரிந்த பத்திரிகைக்காரனும் வருவதில்லை. கட்டுரை ஒன்றைப் படித்து முடித்ததும், இதில் வராமல் போன பெயர் எது, ஏன் என்று கேட்கவே எனக்குத் தோன்றுகிறது.