நிழல் விழும் பக்கம்

மாலை நாலு மணி. மேசையின் பாதிவரை வெயில்.

திரையில் ஒரு கல்யாண வீட்டுப் படம். நாற்காலியில் அம்மா. படத்தின் இடப்பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும். வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம். எடுக்கும்போதே விட்ட இடம்.

"மேகத்துல வச்சிராதீங்க தம்பி. எங்ககூட தரையில நிக்கட்டும்."

அம்மாவின் குரல் போன பிறகும் அறையில் இருக்கிறது.

*

அருப்புக்கோட்டைத் தெருக்களில் காதணி விழா பேனர்கள். மேல்மூலையில், மேகத்துக்குள், காலமான தாத்தா. அங்கே கால் வேண்டாம். நிழல் வேண்டாம்.

தரைக்கு வந்தால் எல்லாம் வேண்டும்.

*

அவன், அம்மாவின் இறந்துபோன மகன். படம் கைபேசியில் எடுத்தது. வேலைக்குப் போன நாட்டின் கடற்கரை. தொடைக்குக் கீழே இல்லை. வெள்ளைச் சட்டை. பையில் ஒரு பேனா.

மணலும் வெள்ளை. மணலில் பட்ட வெயில் மேலே எழும்பி அவன் தாடைக்கடியில் நிற்கிறது.

கல்யாணப் படம் திருச்சுழிப் பக்கம், ஒரு வீட்டு வாசலில். கரிசல் தரை. கரிசல் வெயிலைத் திருப்பித் தருவதில்லை. வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கே நிற்கிற எல்லாருக்கும் தாடைக்கடியில் இருட்டு.

அவன் கழுத்திலிருந்து மணலை எடுக்கிறேன். தூரிகை பத்து சதவீதத்தில். மறுபடி பத்து. மறுபடி.

கழுத்து ஊருக்கு வருகிறது.

*

பெண்ணின் தலையில் மல்லிகை. சாயங்கால வெயிலில் லேசாக மஞ்சள் ஓடிய வெள்ளை. அவன் சட்டை கடலோரத்து வெள்ளை, நீலம் கலந்தது.

சட்டையை மல்லிகைக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். இரண்டு வெள்ளையும் ஒரே வெயிலில் நிற்கும்வரை.

*

தலைமுடி. காற்றில் கலைந்தது. இழைகளுக்கு நடுவே கடல் ஒட்டியிருக்கிறது.

மாஸ்க்கின் விளிம்பைக் கூர்மையாக விட்டால் வெட்டி ஒட்டியது தெரிகிறது. ஒரு பிக்சல் மென்மை. ஒன்றரை. எந்த மனிதருக்கும் வெட்டிய விளிம்பு கிடையாது.

முன்நெற்றியில் ஒரு சுழி. நீலத்தை எடுத்தால் சுழியும் சேர்ந்து போகிறது. திரும்பக் கொண்டுவருகிறேன்.

திருச்சுழி. பெருவெள்ளத்தைச் சுழியாக்கி நிலத்துக்குள் அனுப்பிய இடம் என்பது தலக்கதை. கோயிலில் இருப்பவர் திருமேனிநாதர். பக்கத்தில் குண்டாறு. மணலும் சீமைக்கருவேலமும்.

மேனி.

அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம்.

*

கல்யாணப் படத்தில் வெயில் படத்தின் இடதிலிருந்து வருகிறது. அவன் படத்தில் வலதிலிருந்து.

ஒரு சொடுக்கு. படம் பக்கம் மாறுகிறது. ஒளி பொருந்திவிட்டது.

சட்டைப்பை வலது மார்புக்குப் போயிருக்கிறது. பேனாவும். வகிடு மாறிவிட்டது. இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில்.

இது அவன் கண்ணாடியில் பார்த்துத் தலைசீவிய முகம். தினமும் அவன் பார்த்தது. அம்மா பார்த்தது இது இல்லை.

திருப்பி வைக்கிறேன். இனி வெயிலைத்தான் கையால் மாற்ற வேண்டும். கர்வ்ஸில் இருட்டுக்கு ஓர் அடுக்கு. வெளிச்சத்துக்கு ஓர் அடுக்கு. மூக்கின் மறுபக்கம். கண்குழி. காதுமடலில் வெயில் ஊடுருவுகிற சிவப்பு.

எவ்வளவு நேரம் போனது தெரியவில்லை. மேசையில் வெயில் இல்லை.

கருவிழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. கடற்கரையின் வானம். அதைத் தொடவில்லை.

*

படங்களை ஒட்டிச் சேர்ப்பது புதிதல்ல. 1858. ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரு படம் செய்கிறார். படுக்கையில் சாகக் கிடக்கும் பெண். அருகில் இரண்டு பெண்கள். ஜன்னலில், முதுகைக் காட்டி ஓர் ஆண். சாவைப் படமெடுப்பதா என்று பார்த்தவர்கள் பதறுகிறார்கள். படுத்திருப்பது நல்ல உடம்போடு இருந்த சிறுபெண்.

அமெரிக்காவில் வில்லியம் மம்லர். உட்கார்ந்திருப்பவர்களின் பின்னால் இறந்தவர்களைப் புகைபோல வரவைக்கிறார். 1869-இல் மோசடி வழக்கு. விடுவிக்கப்படுகிறார். அதற்குப் பிறகும் லிங்கனின் மனைவி அவரிடம் போகிறார். கறுப்பு உடையில் உட்கார்கிறார். படத்தில் அவர் தோளின்மேல் லிங்கனின் கைகள்.

அவர் அங்கே போனதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

அவனுக்கு இருபத்து நாலு. தங்கைக்கு இப்போது இருபத்தெட்டு.

அண்ணன் இளையவன்.

காதோரம் நரை சேர்க்கலாம். கண்ணுக்குக் கீழே ஒரு கோடு.

சேர்க்கவில்லை.

*

உயரம்?

"நிலையில இடிப்பான். குனிஞ்சுதான் வருவான்."

படத்தில், அம்மாவுக்குப் பின்னால், அந்த நிலைவாசல். மஞ்சளும் குங்குமமும் வைத்த மரம். அளவு அங்கேயே இருந்திருக்கிறது. நிலை நாலடி பின்னால். அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்க்கிறேன்.

கால் இல்லை. புதிய செயலி ஒன்று, கேட்டதும் கால் வரைந்து தருகிறது. பேண்ட் மடிப்பு, செருப்பு, விரல், நகம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. யாருடைய காலும் இல்லை.

அழிக்கிறேன்.

அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் அவனை நகர்த்துகிறேன். இடுப்புக்குக் கீழே நாற்காலியும் சேலையும் மறைத்துக்கொள்கின்றன. அம்மாவின் தோளுக்கு மேலே பேனா தெரிகிறது.

விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

*

எல்லாரும் துல்லியமாக இருக்கிறார்கள். பட்டின் இழை, அம்மாவின் மூக்குத்திக் கல், மாப்பிள்ளையின் நெற்றி வியர்வை.

அவன் மங்கலாக இருக்கிறான். பழைய கைபேசி. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. இல்லாத நுணுக்கத்தைச் செயலியிடம் கேட்டு வாங்கினால் வேறு யாரோ வருகிறான்.

அவனைத் தெளிவாக்க முடியாது.

மற்றவர்களைக் கொஞ்சம் மங்கலாக்குகிறேன். பட்டு. மூக்குத்தி. வியர்வை. பிறகு எல்லார்மேலும் ஒரே அளவில் மெல்லிய புள்ளிகள், தூசு படிந்ததுபோல.

இப்போது எல்லாரும் ஒரே நாளில் இருக்கிறார்கள்.

மின்விசிறி சுற்றுகிறது.

*

திருச்சுழியில், கோயிலுக்கு அருகே, சுந்தர மந்திரம். 1879 டிசம்பர் 30-இல் ரமணர் பிறந்த வீடு. பிற்காலத்தில் அவர் சினிமாத் திரையை அடிக்கடி உவமையாகச் சொன்னார். படத்தில் நெருப்பு எரியும், திரை வேகாது. வெள்ளம் வரும், திரை நனையாது.

அடுக்குகளின் பக்கத்தில் சின்னக் கண்கள். ஒவ்வொன்றாக மூடுகிறேன். புள்ளிகள் போகின்றன. வெயில் போகிறது. அவன் போகிறான். பெண், மாப்பிள்ளை, அம்மா, நிலைவாசல், கரிசல் எல்லாம் ஒரே அடுக்கு. அதுவும் போகிறது.

சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரங்கள். ஒன்றும் இல்லை என்பதை ஃபோட்டோஷாப் இப்படித்தான் காட்டுகிறது.

மூச்சு உள்ளே வருகிறது. வெளியே போகிறது.

கண்களைத் திறக்கிறேன். கீழிருந்து மேலே. அம்மா முதலில்.

*

இன்னும் நிழல் வைக்கவில்லை.

அம்மாவின் நிழல் எவ்வளவு நீளம், எந்தச் சாய்வு என்று அளக்கிறேன். வெயில் இடதிலிருந்து. அப்படியானால் அவன் நிழல் வலதில். நாற்காலியின் நிழலிலிருந்து தொடங்கி, விட்டிருந்த அந்த இடத்துக்குள்.

முழுக் கறுப்பு வைத்தால் தரையில் பள்ளம்போல இருக்கிறது. வெட்டவெளியில் நிழலுக்குள்ளும் வானம் இறங்குகிறது. கொஞ்சம் நீலம்.

நாற்காலிப் பக்கம் அழுத்தம். தலைப் பக்கம் கரைகிறது.

நாற்பது சதவீதம். முப்பத்தைந்து.

கரிசலில் நிழல் லேசாகத்தான் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.