மிதக்கும் ஊரின் முதல் பாடம்

2024 ஜனவரியில் மயாமித் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நீளம் ஏறக்குறைய 365 மீட்டர், அடுக்குகள் 20. அத்தனை பெரிய கப்பலில் முதன்முறை ஏறுகிறவர் கண்ணுக்குக் கப்பலே தென்படுவதில்லை. கரையில் நின்றால் சுவர். உள்ளே போனால் தெரு, கடை, நீச்சல் குளம். கடலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் விருந்துக்கும் ஆட்டத்துக்கும் முன்னால் அந்தக் கப்பல் கற்றுத் தருவது வேறொன்றை: ஆபத்துச் சங்கு ஊதினால் எங்கே போய் நிற்பது, உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது. 1912-ல் டைட்டானிக் மூழ்கியது. அதன் விளைவாக 1914-ல் கடலில் உயிர் காக்கும் சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. 2012-ல் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்த பிறகு விதி இன்னும் இறுகியது: புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும். இது பயமுறுத்தல் அல்ல. தானும் மூழ்கக்கூடும் என்று முதல் நாளே ஒப்புக்கொள்ளும் பெரியதை நம்பி ஏறலாம்.

கயிறுகள் அவிழ்கின்றன. மேல்தளத்தில் கையசைத்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் தாம் போய்ச் சேர வேண்டிய இடம் தெரியும்.