யாரைச் சுமக்கிறாய்?

மே மாதம் சித்தப்பா மகன் டல்லாஸிலிருந்து கூப்பிட்டான். "ண்ணே, திங்கக்கிழமை இங்க லீவு. முதுகுல பதினாறு கிலோ போட்டுக்கிட்டு நடக்கப்போறேன். சாரிட்டிக்கு. உன்னால முடிஞ்சத அனுப்பு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் மதுரை கீழமாசி வீதியில் லோடுமேனாக இருந்தவர். நூறு கிலோ மூட்டைகள். இப்போது கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்புவார். "சொமக்குறதுக்கு கூலி வாங்காம, இவன் கூலி குடுக்கச் சொல்றானா?" என்றார். சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளே கோபம் வந்தது. எங்கள் வீட்டில் சுமை என்பது அரிசி வாங்குவதற்கான ஒரே வழி. அதைப் போய் ஒருவன் விடுமுறை நாளில் காசு கொடுத்துப் பை வாங்கி, எடை வாங்கி, முதுகில் ஏற்றிக்கொள்வதா?

போனை வைத்த பிறகு படித்துப் பார்த்தேன். மே மாதக் கடைசித் திங்கள், அமெரிக்காவில் போரில் இறந்தவர்களின் நினைவு நாள். நடைமுறையில் பலருக்கு அது வீட்டுக் கொல்லையில் கறி சுடும் நாள், கோடையின் தொடக்கம். அந்தக் கொண்டாட்டம் உறுத்தியவர்களில் ஒருவர் கிளின்ட் புரூஸ், முன்னாள் கடற்படை வீரர். 2011இல் டல்லாஸில் ஒரு ஏரியைச் சுற்றி முதுகுப்பையோடு நடந்துகொண்டிருந்தவரை வயதான முன்னாள் வீரர் ஒருவர் நிறுத்தி, யாரைச் சுமந்துகொண்டு போகிறாய் என்று கேட்டாராம். 'கேரி த லோட்' என்கிற நினைவு நடை அங்கிருந்துதான் தொடங்கியது. இன்றைக்கு அதில் ஆயிரக்கணக்கில் நடக்கிறார்கள், நன்கொடை திரட்டுகிறார்கள். இறந்தவர்களின் பெயரை மாட்டிக்கொண்டு நடப்பவர்களும் உண்டு.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. "என்ன சுமக்கிறாய்" என்று கேட்டிருந்தால் பதில் கிலோவில் இருந்திருக்கும்.

இருந்தாலும், கொடைக்கு எதற்கு வலி? பணத்தை நேராகக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளலாமே. கிறிஸ்டோபர் ஒலிவோலாவும் எல்டார் ஷாஃபிரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. ஒரே நோக்கத்துக்காக ஒரு பக்கம் பிக்னிக், இன்னொரு பக்கம் ஐந்து மைல் ஓட்டம். உடம்பை வருத்தும் வழிக்குத்தான் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். நோக்கம் மனிதத் துயரத்தோடு தொடர்புடையதாக இருந்தால் இது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அலகு குத்துபவர்களையும் தீ மிதிப்பவர்களையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எனக்குச் சந்தேகம் வேறு. அந்த வலி கொடுப்பவனைக் கவனத்தின் மையத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறதே? அவனுடைய வியர்வை, அவனுடைய கொப்புளம், அவனுடைய போட்டோ. வாங்குகிறவர் எங்கோ படத்துக்கு வெளியே நிற்கிறார்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நியூ மெக்சிகோவில் நடக்கும் இன்னொரு நடையைப் பற்றிச் சொன்னான்.

1942 ஏப்ரல் 9 அன்று பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் அமெரிக்க, பிலிப்பினோ படைகள் ஜப்பானியரிடம் சரணடைந்தன. 70,000க்கும் மேற்பட்ட கைதிகள் வெயிலில், சோறும் தண்ணீரும் இல்லாமல், சுமார் 100 கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்டார்கள். விழுந்தவர்கள் பலரை அங்கேயே கொன்றார்கள். அவர்களில் நியூ மெக்சிகோ இளைஞர்கள் நிறையப் பேர். அந்த நினைவில் 1989 முதல் அங்கே நடக்கிறார்கள், இப்போது வொயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தில். 42 கிலோமீட்டர். 'கனப் பிரிவில்' சேர்ந்தால் பையின் எடை 35 பவுண்டுக்குக் குறையக்கூடாது. அதாவது, கிட்டத்தட்ட 16 கிலோ. நிறையப் பேர் அந்த எடைக்கு அரிசியையும் பீன்ஸையும் மூட்டை கட்டி வைத்துக்கொள்வார்கள். முடிவில் அது உணவு வங்கிக்குப் போகும்.

இதைக் கேட்டதும் என் கோபம் பாதி இறங்கியது. ஒரு லாரி போதும், அத்தனை அரிசியையும் ஒரே நடையில் கொண்டுபோய்விடும். இவர்கள் சுமந்ததால் அரிசிக்கு ஒரு மணிகூடக் கூடவில்லை. ஆனாலும் பட்டினியால் செத்தவர்களின் பெயரில் ஒருவன் மணலில் அரிசி சுமந்து நடக்கிறான் என்றால், அவர்களுக்குக் கிடைக்காமல் போனதைச் சுமக்கிறான். இரும்புத் தட்டைச் சுமப்பதும் இதுவும் தராசில் ஒன்றுதான், எனக்கு ஒன்றில்லை.

மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. நினைவுக்காகச் சுமப்பவன் நினைத்தால் இறக்கிவிடலாம். அப்பாவால் முடியவில்லை. நம்மூரிலும் இறந்தவர்களுக்காக ஒன்று செய்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகச் சாலையோரம் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினார்கள், சுமைதாங்கி. அவள் இறக்கி வைக்க முடியாததை வழிப்போக்கனாவது இறக்கி வைக்கட்டும் என்று. அதுவும் நினைவு, அதுவும் தர்மம். எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. அப்பாவுக்கு எது உதவியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

பணம் அனுப்பினேன். "தட்டு வேணாம்டா, அரிசி வை" என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் வீடியோவில் வந்தான், முதுகில் பையோடு. அப்பா போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"திரும்பு. கீழ தொங்குது பாரு, இடுப்பு போயிரும். மேல ஏத்து. தோள்பட்டையோட ஒட்டி நிக்கணும். வார இறுக்கு."

அவன் இறுக்கினான்.

"இப்ப சரி, பெரியப்பா?"

"ம். எங்கடா எறக்குவ அத?"