கூண்டிலே பிறந்தது!

காணும் பொங்கலன்று கடற்கரைக்குச் செல்வோர் பலர். உற்றார் வீடு தேடிச் செல்வோர் சிலர். நாம் செல்வது வண்டலூருக்கு! ஓராண்டா, ஈராண்டா? தந்தையின் தோளில் அமர்ந்து சென்ற நாள் தொட்டு, வகுப்பறையிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இந்நாள் வரை தவறாத பயணம். கட்டுச்சோறும் கரும்புத் துண்டும் ஏந்தி, குழந்தை குட்டிகளுடன் கூட்டங்கூட்டமாக வருவோர் நடுவே, தனியே நின்று நுழைவுச்சீட்டு வாங்கும் நம்மைக் கண்டு சிலர் நகைப்பதுமுண்டு. நகைக்கட்டும்!

ஆனால், இயக்கத் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு தொடுத்த கணை, அப்படிச் சிரித்துத் தள்ளக்கூடியதாக இல்லை.

"ஆண்டுக்கொரு முறை பழனிக்குக் காவடி தூக்குகிறவனைக் கண்டு ஏளனம் பேசுகிறீர்கள், தோழரே! ஆண்டுதோறும் வண்டலூருக்கு யாத்திரை போகிறீர்களே, அதற்கு என்ன பெயர்? அவனாவது கல்லைப் பார்க்கப் போகிறான், கல்லுக்கு வலிக்காது. நீங்கள் சிறைப்பட்ட உயிரைப் பார்த்து இன்புறப் போகிறீர்கள்!"

மறுமொழி உடனே எழவில்லை. கல்லுக்கு வலிக்காது என்ற அந்தச் சொல் மட்டும் வீடு வரை உடன் வந்தது.

முதலில் நம் கட்சியை எடுத்துரைப்போம். 1838-ஆம் ஆண்டு, இலண்டன் விலங்குக் காட்சிசாலை. ஒரு கூண்டின் எதிரே இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் நின்றார். உள்ளே இருந்தது ஜென்னி எனும் ஒராங்குட்டான். காவலர் ஓர் ஆப்பிளைக் காட்டினார், கொடுக்கவில்லை. ஜென்னி மல்லாந்து விழுந்தது, காலை உதைத்தது, அடம்பிடிக்கும் குழந்தை போலவே அழுதது! கண்டுநின்ற இளைஞர் சார்லஸ் டார்வின். மனிதன் தனிப்படைப்பு, மற்ற உயிர்களெல்லாம் அவனுக்கென ஆண்டவன் ஆக்கியளித்தவை என்று வேதங்கள் விளம்பி வந்த காலம் அது. இருபத்தோராண்டு கழித்து, 1859-ல், உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அந்த ஆராய்ச்சிப் பாதையிலே ஜென்னியின் கூண்டும் ஒரு படிக்கட்டு.

நம் சென்னைக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்கு இருந்தால் மக்கள் திரண்டு வருவதைக் கண்டு, கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று, 1855-ல் எழும்பூரிலே காட்சிசாலை தொடங்கினார். பின்னர் அது மக்கள் பூங்காவுக்கு மாறிற்று. சென்னை மக்கள் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், இதற்கு 'உயிர் காலேஜ்' என்றும் பெயரிட்டனர். எண்ணிப் பாருங்கள்: கல்லூரிப் படியை மிதித்தறியாதவர்கள், மிதிக்க விடப்படாதவர்கள், தாமாகவே தமக்கு அமைத்துக்கொண்ட கல்லூரி அது! 1985-ல் 500 எக்டேருக்கும் மேலான பரப்பிலே, அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கி, அது வண்டலூரில் வளர்ந்து நிற்கிறது.

கல்லூரிதான். ஆனால் அங்குப் பாடப் புத்தகமாக விரித்து வைக்கப்பட்டிருப்பது யாருடைய வாழ்வு?

வெள்ளைப் புலியின் முன்னே எப்போதும் நெரிசல். கருங்கோடிட்ட செம்மேனிப் புலியைக் கண்டு கடந்து செல்வோர், வெண்ணிறத்தைக் கண்டதும் வாய் பிளந்து நின்றிடுவர். நிறத்தின் மீது நம் நாட்டுக்கு உள்ள மயக்கம் புலியையும் விடவில்லை! அந்நிறம் வந்த வழியை யாரும் கேட்பதில்லை. 1951-ல் ரேவாக் காட்டிலே பிடிபட்டது மோகன் எனும் வெண்புலிக் குட்டி. வளர்ந்தபின் அதனோடு பெண்புலியைச் சேர்த்தனர். பிறந்தவை வழக்கமான நிறக் குட்டிகள். பிறகு அதன் மகளையே அதனோடு சேர்த்தனர். 1958-ல் வெண்குட்டிகள் பிறந்தன. இன்று உலகக் காட்சிசாலைகளில் உள்ள வெண்புலிகளில் மிகப்பல அந்த வழி வந்தவையே. நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்த பயன், மாறுகண்ணும் வேறு பல குறைகளும். நிறத்தைக் காக்க இரத்தத்தை அடைத்து வைத்த கதை! அகமணம் பேசுவோர் ஒருமுறை அங்கே வந்து நின்று பார்க்கலாம்.

சென்ற காணும் பொங்கலன்று சிங்கத்தின் அகழியருகே நின்றிருந்தோம். பக்கத்திலே ஒரு தந்தையும் ஆறேழு வயதுச் சிறுமியும். "வெளியே விட்டா என்னப்பா?" என்றாள் சிறுமி. தந்தை சிரித்தார். "இது கூண்டிலேயே பொறந்தது, கண்ணு. அதுக்கு வேற எதுவும் தெரியாது. நேரத்துக்குக் கறி கெடைக்குது. அதுக்கு என்ன குறை?"

அன்பான தந்தை, தீய எண்ணம் துளியுமில்லை. ஆயினும் அந்த விடை நம்மைச் சுட்டது. ஏன்? அதை வேறோர் இடத்திலே படித்திருக்கிறோம்! 1953-ல் சென்னை மாநிலத்தில் ஆச்சாரியார் ஆட்சி ஒரு திட்டம் கொணர்ந்தது. பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழில். சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி, குயவர் மகனுக்குச் சக்கரம். பிறந்த இடமே அவர்களுக்குப் பழகிய இடம், அதிலே அவர்களுக்கு என்ன குறை! குலக்கல்வி என்று பெயர் சூட்டி நம் இயக்கம் எதிர்த்தது. 1954-ல் திட்டம் மடிந்தது. வாதம் மடியவில்லை. சிங்கத்தின் அகழியருகே, ஒரு நல்ல மனிதரின் நாவிலே, அது நலமாக வாழ்கிறது.

மனிதரையும் விலங்கையும் ஒப்பிடலாமா என்று சிலர் சினக்கலாம். சினம் நியாயமானதே. 1906-ல், நியூயார்க் நகரின் பிராங்ஸ் காட்சிசாலையிலே, காங்கோ நாட்டு இளைஞர் ஓட்டா பெங்கா, குரங்குக் கூடத்திலே காட்சிப்பொருளாக வைக்கப்பட்டார். பார்க்க ஆயிரமாயிரம் பேர்! பகுத்தறிவாளர்களாகிய நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்: அக்கொடுமைக்கு அறிவியலின் பெயரால் வக்காலத்து வாங்கினர், அதை எதிர்த்து எழுந்தவர்கள் கறுப்பினப் பாதிரிமார்கள். டார்வினின் கொள்கையை நிலைநாட்டவே இக்காட்சி என்றும் அவர்கள் குமுறினர். அவர் கூடத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். பத்தாண்டு கழித்து, 1916-ல், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். ஜென்னியின் அழுகையிலே உறவைக் கண்டது ஓர் அறிவு. உறவினனைக் கூண்டிலே தள்ளியது மற்றோர் அறிவு. இரண்டும் ஒரே கல்லூரியில் படித்தவை!

ஆகவே, நாம் ஒப்பிடுவது உயிரையும் உயிரையும் அல்ல, வாதத்தையும் வாதத்தையும். அந்தத் தந்தை கூறிய செய்தி பொய்யன்று, தீர்ப்புத்தான் பொய். கூண்டிலே பிறந்த சிங்கத்தைக் காட்டிலே விட்டால் அது மாளும், உண்மை. அப்படி ஆக்கியவர் யார்? வெளியுலகம் தெரியாமல் வளர்த்தவனே, 'இதற்கு வெளியுலகம் தெரியாது' என்று சொல்லித் தன் கடனைக் கழித்துக்கொள்வதா?

கடனைத் தீர்த்தவர்களும் உண்டு. அரேபியப் பாலைவனத்து ஓரிக்ஸ் எனும் மானினம் 1972-ல் காட்டிலே அற்றுப்போயிற்று. துப்பாக்கி செய்த வேலை. காட்சிசாலைகளில் காக்கப்பட்ட சிறு மந்தையின் வழித்தோன்றல்கள் 1982-ல் ஓமன் பாலைவனத்திலே விடப்பட்டன. அங்கே கதவு வெளிப்பக்கமாகவும் திறந்தது. அப்படிக் கதவு வைத்த காட்சிசாலைக்காக நாம் வாதாடத் தயார். வெண்புலிக்கு எந்தக் கதவு? அது திரும்பிச் செல்ல ஒரு காடு இல்லை. நம் கண்ணுக்காகவே பிறப்பிக்கப்பட்டது.

"அப்படியானால் போவதை நிறுத்திவிடுங்களேன்!" என்றார் தோழர், இதையெல்லாம் கேட்டபிறகு. எளிய வழிதான். ஆனால் நாம் போகாவிட்டால் நம் கை தூய்மையாகுமே தவிர, எந்தக் கூண்டும் ஓர் அடி அகலமாகிவிடாது. 2021 ஜூன் மாதத்திலே வண்டலூர்ச் சிங்கங்கள் சிலவற்றுக்குக் கொரோனா தொற்றிற்று, இரண்டு இறந்தன. அகழி தடுக்கவில்லை. நாம் போகாதிருந்தாலும் நம் மூச்சு போய்ச் சேருகிறது! இன்பம் இல்லை என்று பொய்யும் பேசமாட்டோம். காலை வெயிலிலே சிங்கம் கொட்டாவி விடும்போது இன்றும் நம் உள்ளம் துள்ளுகிறது. பக்தனுக்கும் நமக்கும் வேறுபாடு துள்ளலில் இல்லை, அதன் பிறகு கேட்கும் கேள்வியில் இருக்கிறது. நம் அரசியல் சட்டத்திலே 1976-ல் சேர்க்கப்பட்ட கடமைகளில், உயிர்களிடத்துப் பரிவும், அறிவியல் மனப்பான்மையும் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுதியோர் எண்ணித்தான் வைத்தனரோ, தற்செயலோ, நமக்குப் பிடித்திருக்கிறது.

வரும் பொங்கலுக்குத் தாமும் வருவதாகத் தோழர் கூறியிருக்கிறார். நுழைவுச்சீட்டு நம் செலவு. ஒரே நிபந்தனை: அகழியருகே அந்தச் சிறுமியைப் போல் யாரேனும் கேட்டால், விடை சொல்ல வேண்டியவர் அவர்!