கோல் யார் கையில்?

விடுமுறையில் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்வந்த என் மாணவி சொன்னாள்: “ஆடிட்டுக்கு வந்தவங்க டாய்லெட் எத்தனை இருக்குன்னு எண்ணினாங்க மேடம். நாங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை போக முடியுதுன்னு யாரும் கேக்கல.”

அற இலக்கியம் நடத்திச் சம்பளம் வாங்குபவள் நான். இந்த இரண்டு எண்ணிக்கைகளுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருப்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. அளந்ததற்கு மட்டும்தான் பொறுப்பேற்கிறோம். அளக்காமல் விட்டது இல்லாததாகவே ஆகிவிடுகிறது. அப்படியென்றால் எதை அளப்பது என்று முடிவுசெய்யும் இடத்திலேயே அறக்கேள்வி தொடங்கிவிடுகிறது.

அந்த முடிவை ஆடை, காலணி நிறுவனங்கள் கூடி எடுத்தன. வால்மார்ட்டும் படகோனியாவும் முன்னெடுக்க, 2011இல் ‘சஸ்டெய்னபிள் அப்பேரல் கோயலிஷன்’ உருவானது. ஹிக் குறியீடு அதன் அளவுகோல். தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் நிலை என எல்லாவற்றுக்கும் கேள்விப்பட்டியல் உண்டு. ஆலை தானே நிரப்பும். பிறகு சரிபார்ப்பவர் வருவார். மூலப்பொருள்களுக்கான மதிப்பீட்டில் பருத்தியையும் பட்டையும்விட பாலியஸ்டர் நல்ல பெயர் வாங்கியது. இழை துணியாகும் வரைதான் அங்கே கணக்கு. துவைக்கும்போது உதிரும் பிளாஸ்டிக் நுண்ணிழை அதில் சேராது. இந்தத் தரவை வைத்து ஆடைகளைப் பசுமையானவை என்று விளம்பரம் செய்வது வாங்குவோரைத் தவறாக வழிநடத்தும் என்று 2022இல் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் சொன்னது. வாங்குவோருக்குக் காட்டும் திட்டத்தைக் கூட்டமைப்பு நிறுத்திவைத்தது. 2024இல் காஸ்கேல் என்று பெயரும் மாறியது.

நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்குகிறார். வகுப்பில் எல்லோருடைய கவனமும் எடைபோடுவதில்தான் நிற்கும். அங்கே வரிசை முக்கியம்: கோல் முதலில் தான் சமனாக நிற்க வேண்டும், அதன் பிறகே பொருளைத் தூக்க வேண்டும். சரக்குக்காரரே பிடித்திருக்கும் கோல் எப்படிச் சமனாக நிற்கும்?

அதற்காக, எண் என்றாலே முகம் சுளிக்கும் கவிஞர்களோடு நான் சேரமாட்டேன். (என் கல்லூரியின் மதிப்பீட்டுப் படிவத்தில் கவிதைத் தொகுப்புக்குக் கட்டமே இல்லை, அந்தக் கோபம் எனக்கும் உண்டு.) நொய்யலில் சாயக்கழிவு ஓடி ஒரத்துப்பாளையம் அணை பாழானபோது, விவசாயிகளின் கண்ணீர் மட்டும் போதவில்லை, நீரில் கரைந்த உப்பின் அளவும் பேச வேண்டியிருந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

உப்பை அளக்கக் கருவி உண்டு. அச்சத்தை எதைக்கொண்டு அளப்பது? 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், பன்னாட்டு நிறுவனங்களுக்குத் தைத்த ஆலையில் வேலைபார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அவர் அங்கே சுமந்த அச்சத்துக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருந்தது? தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் விடாமல் போராடியதில் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. அதன்படி 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், அவர்களுக்குள்ளிருந்தே, தொல்லைகளைக் கவனித்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர் இருப்பார். இதுவும் ஓர் எண்தான். ஆனால் வருடத்துக்கு ஒருநாள் வந்துபோகிறவருடைய எண் அல்ல. பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவளுடையது. பக்கத்தில் இருப்பவளும் பயப்படலாம், தவறலாம். அப்படியும் அவளைத்தான் நான் நம்புவேன்.

இதையெல்லாம் மாணவியிடம் சொன்னேன். அவள் சங்க இலக்கிய நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தேதி வாரியாகச் சின்னச் சின்னக் கோடுகள். கேட்டு, விடாத தடவைகள்.

“எதுக்கும்மா எழுதி வச்சே?”

“தெரியல மேடம். யாராவது கேட்டா சொல்லலாம்னு.”