தேடி வருகிறவர்

ரோஜர் என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள். நடுவில் ‘டி’ எழுத்தைச் சேர்த்து எழுதுகிறவர்கள் சிலர், சேர்க்காதவர்கள் பலர். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ‘டி’ உள்ள ரோஜர் ஒருவர் கடனுக்கு ஒரு டிராக்டர் வாங்கினார். விற்ற நிறுவனம் அந்த டிராக்டரின் மேல் தனக்குள்ள உரிமையை மாநிலப் பதிவேட்டில் ஏற்றியது. பெயரில் ‘டி’ விடுபட்டுப்போனது. பின்னர் ஒரு வங்கி அவருடைய டிராக்டரை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தது. சரியான பெயரைப் போட்டுப் பதிவேட்டில் தேடினால் அந்த முதல் பதிவு வராது. வழக்கு வந்தபோது, 2006இல் கான்சஸ் உச்ச நீதிமன்றம் முதல் பதிவு செல்லாது என்றது. முதலில் வந்தவர், பதிவும் செய்தவர், யாரையும் ஏமாற்றாதவர் ஓர் எழுத்தால் தோற்றார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆளும் அவரே, டிராக்டரும் அதுவே. எழுத்துப்பிழைக்கு இத்தனை பெரிய தண்டனையா? அந்தக் கோபம் தணிய வெகுநாள் ஆயிற்று. அது தணிந்த விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். கிராமத்தையும் சர்வே எண்ணையும் சொன்னால் அந்த நிலத்தின் மேல் பதிவான அடமானம் தெரிந்துவிடும். உரிமையாளர் பெயரை ஒருவர் ‘சண்முகம்’ என்றும் இன்னொருவர் ‘ஷண்முகம்’ என்றும் எழுதியிருந்தாலும் நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் கடையில் அடுக்கிய சரக்குக்கு சர்வே எண் ஏது? ஆலையில் ஓடும் இயந்திரத்துக்கும், இன்னும் வசூலாகாத பில்லுக்கும் ஏது? இவற்றை ஈடாகக் காட்டிக் கடன் வாங்குகிறவர் இவற்றைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் அவருடைய சொத்தாகவே தெரியும். 

இந்தச் சிக்கல் பழையது. 1601இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ட்வைன் வழக்கில், பியர்ஸ் என்ற கடனாளி தம் உடைமைகளையெல்லாம் ட்வைன் என்பவருக்கு ரகசியமாக எழுதிக்கொடுத்துவிட்டு ஆடுகளைத் தம்மிடமே வைத்திருந்தார். ரோமம் கத்தரித்தார், தம் குறியையே ஆடுகளுக்கு இட்டார். இன்னொரு கடன்காரர் வசூலுக்கு வந்தபோதுதான் எழுத்து வெளியே வந்தது. ரகசியமே மோசடியின் அடையாளம் என்றது நீதிமன்றம்.

ரகசியத்துக்கு மருந்தாக வந்ததுதான் பொதுப் பதிவேடு. அமெரிக்காவில் ஒருங்கிணைந்த வணிகச் சட்டத்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவு இதை ஆளுகிறது. தொகுப்பை முதலில் ஏற்றது பென்சில்வேனியா, 1953இல். பதிவுக்கு யூசிசி-1 என்ற சிறிய படிவம் போதும். கடன் வாங்கியவர் பெயர், கொடுத்தவர் பெயர், எதன் மேல் கடன் என்ற குறிப்பு. கடன்தொகைகூட எழுத வேண்டாம். இவ்வளவு சுருக்கமான படிவத்தில் கடனாளியின் பெயர்தான் சர்வே எண்ணின் வேலையைச் செய்கிறது. தேடி வருகிறவர் கையில் இருக்கும் ஒரே துப்பு அதுதான்.

சட்டம் கருணை இல்லாததல்ல. சரியான பெயரைப் போட்டு, அந்த அலுவலகத்தின் வழக்கமான தேடல் முறையில் தேடினால் பிழையுள்ள பதிவும் வந்துவிடுமானால், பிழை மன்னிக்கப்படும். பெரும்பாலான மாநிலங்களில் கணினி காற்புள்ளியையும் புள்ளியையும் பொருட்படுத்தாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது. ஆனால் ஓர் எழுத்து மாறினால் அதற்கு அது வேறு ஆள்.

செல்லப்பெயரும் அப்படியே. கான்சஸிலேயே இன்னொரு வழக்கு. எல்லோரும் ‘டெர்ரி’ என்று அழைத்த ஒருவரின் முழுப்பெயர் டெர்ரன்ஸ். விவசாயக் கருவிகளுக்குக் கடன் கொடுத்த நிறுவனம் டெர்ரி என்றே பதிவு செய்திருந்தது. அவர் திவாலானபோது, சட்டப்பெயரில் தேடியவருக்கு அந்தப் பதிவு அகப்படவில்லை. 2004இல் மேல்முறையீட்டில் அது செல்லாது என்றாயிற்று. நிறுவனம் எழுதியது பொய் இல்லை. பழகியவர்களுக்கு அவர் டெர்ரிதான். பழகாதவருக்கு?

இந்தக் கேள்வியில்தான் என் கோபம் தடுமாறத் தொடங்கியது. எது ஒருவரின் உண்மையான பெயர் என்ற சச்சரவு ஓயாததால், 2010இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2013 ஜூலை முதல் பெரும்பாலான மாநிலங்களில், தனிமனிதரின் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே பதிவில் இருக்க வேண்டும். அங்கே வாழும் தமிழருக்கு இது கொஞ்சம் வலிக்கிற இடம். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு வளர்ந்தவர்கள் நாம். கடல் கடந்ததும் அந்த முதலெழுத்து விரிந்து கடைசிப் பெயர் ஆகிவிடுகிறது. சிலருக்கு அப்பா பெயரே முதற்பெயர் இடத்தில் ஏறிவிடுகிறது. கடைவீதியில் முருகேசனாக அறியப்பட்டவர் உரிமத்தின்படி அப்பா சுப்பையாவின் பெயரால் தேடப்படுவார். சரக்கு கொடுத்தவர் அவரைப் பத்து வருடமாக அறிந்தவராக இருக்கலாம். அந்த நெருக்கமே அவரைப் பிழை செய்யவைக்கும். நெருங்கியவர்களின் பெயரை நாம் பார்த்து எழுதுவதில்லை, நினைவிலிருந்து எழுதுகிறோம்.

நெருக்கம் செய்வதைக் கூட்டமும் செய்கிறது. 2008இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 30 கோடி டாலர் கடன் ஒன்றை அடைத்தபோது, அதற்கான பதிவுகளை நீக்கப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் தொடர்பே இல்லாத வேறொரு பதிவும் நுழைந்துவிட்டது. அது 150 கோடி டாலர் கடனுக்குப் பெரும் பாதுகாப்பாக நின்ற பதிவு. நிறுவனம், கடன் கொடுத்த தரப்பில் ஜேபி மார்கன் வங்கி, இரு தரப்பு வழக்கறிஞர்கள் என்று பல கைகள் வழியே தாள் போனது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானது. அந்தப் பதிவை நீக்க யாரும் நினைக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் நீக்கும் தாளைத் தாக்கல் செய்ய ஒப்புக்கொண்டீர்களே, அதுவே போதும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எனக்கு இந்த வழக்கில் தொகையைவிட மனதை உறுத்துவது அத்தனை கண்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்திருப்பார் என்று நம்பிய கண்கள்.

மனதுக்குள் இருந்ததைப் பதிவேடு அறியாது. அதை அறிய முடியாதவருக்காகத்தான் பதிவேடே இருக்கிறது.

2022இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு நிறுவனப் பெயர் வந்தது. அதிலுள்ள ‘பூலவார்ட்’ என்ற தெருச்சொல்லைப் பதிவில் சுருக்கி எழுதியிருந்தார்கள். அப்போது அம்மாநிலத் தேடல் திரை, பொருந்தும் பதிவைத் தனியே எடுத்துத் தராமல், அகரவரிசையில் 20 பெயர்களைக் காட்டியது. முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே போக முடிந்தது. ஒரு பக்கம் பின்னால் புரட்டியிருந்தால் அந்தப் பதிவு கிடைத்திருக்கும். அதுவே போதாதா என்று கேட்கத் தோன்றும். எத்தனை பக்கம் புரட்டினால் போதும் என்று யார் சொல்வது? இதற்குப் பெயர் தேடல் முறையே அல்ல, ஆகவே மன்னிப்புக்கும் இடமில்லை என்றது நீதிமன்றம். படிக்கும்போது, பக்கங்களைப் புரட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் என் கண்முன் வந்தார். அவருக்கு இந்தக் கடனாளியைத் தெரியாது. கடன் கொடுத்தவரையும் தெரியாது. தன் பணத்தைக் கொடுக்கும் முன் அவர் கேட்பது ஒரே ஒரு நேர்மையான பதில். ரோஜரின் டிராக்டரை ஈடாகப் பெற்ற வங்கியும் அப்படிப்பட்ட ஓர் அந்நியர்தான். நான் கோபப்பட்டபோது அந்த வங்கியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வேலையில் கைதேர்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பெயரை எழுதுவார்கள். நிறுவனம் என்றால் அது பிறந்தபோது மாநிலத்தில் தாக்கலான ஆவணத்தையே பார்ப்பார்கள். பதிவு ஏறியபின், சில நாள் கழித்து, தாங்கள் எழுதியதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, முன்பின் தெரியாதவரைப் போலத் தேடல் திரையில் அந்தப் பெயரைப் புதிதாக இடுவார்கள். அவர்களுக்குக் கடனாளியின் முகம் தெரியும், கடையில் குடித்த காபி நினைவிருக்கும். அந்த ஒரு நிமிடம் அதெல்லாம் மறந்தாக வேண்டும். பெயரை இட்டு, பொத்தானை அழுத்தி, தங்கள் பதிவு மேலே வருகிறதா என்று காத்திருப்பார்கள்.