அடியைத் தேடிப் போனால்

திருவண்ணாமலையின் தலபுராணம் ஒரு தேடலைச் சொல்கிறது. சோதிப்பிழம்பாய் நின்ற சிவனின் முடியைக் காண பிரம்மன் அன்னமாய்ப் பறந்தார். அடியைக் காணத் திருமால் பன்றியாய் மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கினார். இருவருக்கும் எட்டவில்லை. மூலத்தைத் தேடிப் போகிறவருக்கு ஏதாவது ஓர் இடத்தில் தரை தட்டுமா? இன்று ஒரு லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டும் இதைக் கேட்கலாம்.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அப்படி இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் விண்டோஸை மறுபடி ஏற்றினால், லினக்ஸ் திரையிலிருந்து காணாமல் போய்விடும். அழிந்தே போயிற்று என்று மனம் பதறும். ஆனால் விண்டோஸ் தன் பார்ட்டிஷனைத் தாண்டாமல் இருந்திருந்தால், லினக்ஸின் ஒரு கோப்புகூட அசைந்திருக்காது. பழைய முறை வட்டின் முதல் செக்டார் 512 பைட். அதில் 446 பைட் துவக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை. மாற்றி எழுதப்பட்டது அந்தத் துவக்க நிரல் மட்டும். லைவ் யுஎஸ்பியில் கணினியைக் கிளப்பி, லினக்ஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, லினக்ஸின் துவக்க நிரலான க்ரப்பைத் திரும்ப நிறுவினால் எல்லாம் பழையபடி எழுந்துவிடும்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, நம்பகமான துவக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வழியாகப் பழைய துவக்க நிரல்களைத் தடுத்தது. பல கணினிகளில் லினக்ஸ் கிளம்ப மறுத்தது. அப்போதும் வட்டில் எதுவும் தொலையவில்லை.

பழுது பார்ப்பவர் பின்னோக்கியே நடக்கிறார். லினக்ஸின் மையமான கெர்னலை எழுப்புவது க்ரப். க்ரப்பை எழுப்புவது ஷிம் என்ற சிறு நிரல். ஷிம்மை எழுப்புவது கணினிப் பலகையிலேயே பதிந்திருக்கும் யுஇஎஃப்ஐ. அதற்கு உயிர் கொடுப்பது மின்சாரம். அதைத் திறந்துவிட்டது ஒரு விரல். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் இன்னொரு பொருள் நிற்கிறது. திருமால் தோண்டியதும் இந்தத் திசையில்தான்.

மூலத்தை வேறு விதமாகத் தேடியவரும் ஒருவர் உண்டு. 1896 ஜூலையில் மதுரையில், பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட 16 வயது வேங்கடராமனை மரண பயம் பிடித்தது. பிணம்போல் விறைத்துப் படுத்து, வாயை மூடி, மூச்சை அடக்கி, இந்த உடல் போனால் நானும் போய்விடுவேனா என்று பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவர் அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, மௌனத்தில் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களே பின்னர் ‘நான் யார்?’ நூலாயின.

எந்த எண்ணம் எழுந்தாலும், அது யாருக்கு எழுந்தது என்று விசாரிக்கச் சொல்கிறது அந்நூல். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் அதே பின்னோக்கிய நடைதான். ஆனால், “இதற்கு முன் எது?” என்று ரமணர் கேட்கவில்லை, “இதைக் காண்பவன் யார்?” என்கிறார். அந்த விசார எண்ணமும், பிணம் சுடும் தடிபோல, கடைசியில் தானே எரிந்துபோகும் என்கிறார். க்ரப்பும் கெர்னலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. ஆனால் பொறுப்பேற்கும் கெர்னலோ இன்னொரு நிரல். நாளைக் காலை அதையும் யாராவது எழுப்பியாக வேண்டும்.

அதனால்தான், உடலை ஹார்ட்வேர், மனத்தை சாஃப்ட்வேர், ஆன்மாவை முதல் துவக்க நிரல் என்று சொல்லும் விளக்கம் ரமணரிடம் நிற்காது. அவர் ‘நான் அன்று’ என்று விலக்கும் பட்டியலில் உடல், புலன்கள், மூச்சு, மனம் எல்லாம் இருக்கின்றன. அந்த முதல் துவக்க நிரலும் காணப்படும் பொருள் என்பதால், அதுவும் அந்தப் பட்டியலில்தான் போய்ச் சேரும்.